ரொஜர் சொன்ன ஜெனிற்றா

2012ஆம் ஆண்டு மாசி மாதம் ஜெனிற்றாவை செக்ஷன் லீடர் ஆக்கினார்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆவதற்குள் எட்டுப் பெண்களுக்குப் பொறுப்பாக வருவதென்பது சின்ன விசயமில்லை. செய்தி அவளுக்கு முன்னமே விடத்தல்தீவுக்கு வந்துவிட்டது. அவளுடைய கணவன் பிரதீபன் அன்று வலையில் பட்ட கணவாயில் நல்லதாக நாலைப் பொறுக்கி, விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே கறியும் வைத்திருந்தான்.

ஜெனிற்றா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஏன், உப்புக் கூடிப்போச்சோ?"

"கறி நல்லாத்தான் இருக்கு. லீடர் எண்டால் வோக்கி ரோக்கியும் கையில தருவினமாம்."

"நல்லதுதானே!"

"அதில இங்கிலீசிலதான் கதைக்க வேணுமாம்."

பிரதீபன் கறிச்சட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

ஜெனிற்றா தைரியமில்லாத பெண்ணல்ல. தலையில் முகக்கவசத்தையும் உடம்பில் கனத்த அங்கியையும் மாட்டிக்கொண்டு, அடம்பன் பக்கத்து வெயிலில் முழங்காலில் நின்று, விறாண்டியால் ஒவ்வொரு விரற்கடை மண்ணாகச் சுரண்டி அதுவரை எழுபத்து மூன்று கண்ணிகளை வெளியே எடுத்தவள். பச்சை நிறத்தில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து தலைகாட்டும்போதுகூட அவளுடைய கை நடுங்கியதில்லை. அந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்ததே அதன் அமைதிதான். ஒருவருக்கொருவர் இருபத்தைந்து மீற்றர் தள்ளித்தான் இருக்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை.

பேச்சு என்றால் அவளுக்குப் பழைய நோவு ஒன்று இருந்தது. பிறந்தது விடத்தல்தீவில்தான். 1990இல் ஒன்பது வயதாயிருக்கும்போது தாய் தகப்பனோடு வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவள், பிறகு இருபது வருடம் தமிழ்நாட்டு முகாமிலேயே வளர்ந்தாள், அங்கேயே படித்தாள், தன்னைப் போலவே வள்ளத்தில் வந்து அங்கே கடல்தொழில் செய்த பிரதீபனைக் கட்டினாள். பள்ளிக்கூடத்தில் அவள் "பேந்து வாறன்" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். "சிலோன் பாஷை பேசுது பாரு" என்பார்கள். மெல்ல மெல்ல அந்த ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டாள். 2010இல் சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது, பொதுக்குழாயடியில் வாய்தவறி "அப்புறம் வரேன்" என்றாள். வாளியோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "என்னடி பிள்ளை, இந்தியாக் கதை கதைக்கிறாய்?" என்றாள் ஒருத்தி. பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் ஜெனிற்றாவுக்கு அது பகிடியாகப் படவில்லை.

வாய் திறந்தால் பிழை பிடிப்பார்கள். சிரித்துத் தலையாட்டினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டு கரையிலும் வாழ்ந்து அவள் கற்றுக்கொண்டது இது. கந்தோரில் கிளார்க் ஏதாவது விளங்காமல் சொன்னாலும் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். பிறகு வெளியே நின்று யாரிடமாவது விசாரிப்பாள்.

வோக்கிக்குத் தலையாட்டிக் காட்ட முடியாது. ஆனால் அதற்கும் ஒரு சொல் இருந்தது. ரொஜர். 'நீங்கள் சொன்னது கேட்டது, விளங்கியது' என்று அதற்கு அர்த்தம்.

ஒவ்வொரு மணித்தியாலமும் மன்னார் நகரத்தில் இருந்த தலைமை நிலையமான பேஸிலிருந்து ஒரு குரல் கூப்பிடும். "சியரா ஃபோர், சியரா ஃபோர், திஸ் இஸ் பேஸ்" என்று தொடங்கும். அது ஜெனிற்றாவின் குழுவுடைய பெயர். அந்த அளவுக்கு அவளுக்குப் பிரச்சினையில்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஆண்குரல் ஓட்டமெடுக்கும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் வாய்க்குள் போய்விடும். பெட்டிக்குள் அரிசி கொட்டுகிற சத்தம் மாதிரி இருக்கும். அது நின்றதும் ஜெனிற்றா பொத்தானை அமத்தி, "ரொஜர், ஓவர்" என்பாள். குரல் போய்விடும். அடுத்த மணிவரைக்கும் நிம்மதி.

"பேஸில இருக்கிறவர் கொழும்பில பெரிய பள்ளிக்கூடத்தில படிச்சவராம்" என்று சாரதி ஒருவன் சொன்னான். அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். வோக்கியில் ஒருவருடைய பெயரும் சொல்லக்கூடாது, தமிழோ சிங்களமோ கதைக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். ஆகையால் அந்தக் குரலுக்கு முகமும் இருக்கவில்லை, ஊரும் இருக்கவில்லை.

இப்படியே மூன்று மாதம் ஓடிற்று.

வைகாசி மாதத்தில் ஒருநாள் காலை ஒன்பதரைக்குக் குரல் வந்தது. வழமையைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதில் 'ரென்' என்ற சொல்லும் 'சியரா ரூ' என்ற பக்கத்துக் குழுவின் பெயரும் ஜெனிற்றாவின் காதில் விழுந்தன. மற்றதெல்லாம் அரிசிதான். "ரொஜர், ஓவர்" என்றாள்.

பத்து மணிக்கு நிலம் குலுங்கியது.

பக்கத்துக் குழு தான் கண்டெடுத்த பழைய பீரங்கிச் செல்களை அந்த நேரத்துக்கு வெடிக்க வைத்திருந்தது. அதற்கு முன் ஜெனிற்றாவின் குழு வேலையை நிறுத்திவிட்டு, பின்னால் மண்மூட்டை அடுக்கிய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அதைத்தான் குரல் சொல்லியிருந்தது. எட்டுப் பெண்களும் முழங்காலில் இருந்தபடியே இருந்தார்கள். வெடிச்சத்தத்தில் திடுக்கிட்ட அன்ரோனெற்றின் கையிலிருந்து விறாண்டி நழுவி, இன்னும் சோதிக்காத நிலத்தில் போய் விழுந்தது. அன்ரோனெற்தான் குழுவில் இளையவள், இருபத்து நாலு வயது. விறாண்டி விழுந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

களப் பொறுப்பாளர் விசுவலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சத்தம் போடுகிற மனிதரல்ல. அன்றும் போடவில்லை.

"பேஸ் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது சேர்."

"விளங்கினதோ?"

ஜெனிற்றா நிலத்தைப் பார்த்தாள். "விளங்கேல்ல சேர்."

"பிறகு ஏன் ரொஜர் எண்டு சொன்னனீங்கள்?"

"வெக்கமாயிருந்தது சேர்" என்றாள்.

விசுவலிங்கம் வோக்கியை அவளுடைய கையிலிருந்து வாங்கி, குழுவின் முதலுதவிக்காரி டிலானியிடம் கொடுத்தார். "மூண்டு கிழமைக்கு இதை இவ வைச்சிருக்கட்டும். அதுக்குப் பிறகு பேஸ் உங்களை வோக்கியில சோதிக்கும். பாஸ் பண்ணினால் லீடராய் இருங்கோ. இல்லாட்டி பழையபடி லேனுக்குள்ள கண்ணி தோண்டப் போங்கோ. உங்களில எனக்குக் கோவம் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளையளின்ர உயிர் அந்த ஒரு சொல்லில கிடக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஜெனிற்றா சொன்ன முதல் வார்த்தை, "நான் லீடர் வேலையை விடப்போறன்" என்பதுதான். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிரதீபன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நடந்த முழுவதையும் கேட்டான்.

"அந்தாள் கதைக்கிறது உனக்கு விளங்கேல்ல. நீ கதைக்கிறது அந்தாளுக்கு விளங்குதோ?"

"ஆர் கண்டது? நான் ரொஜரைத் தவிர வேற ஒண்டும் சொன்னதில்லையே."

"அப்ப நாளைக்குக் கடற்கரைக்கு வா" என்றான் பிரதீபன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கும் இங்கிலீஸ் தெரியாது. கடற்கரைக்கு வந்து என்ன செய்யிறது?"

"இங்கிலீஸ் தெரியாதுதான். ஆனால் தூரத்தில நிக்கிறவனுக்குக் கேக்கிற மாதிரிக் கதைக்க எனக்குத் தெரியும். இருவது வருசமாய்க் கடலில அதைத்தானே செய்யிறன்."

அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் பிரதீபன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு, கண்டல் மரங்களைத் தாண்டி நூறு மீற்றர் வெளியே போனான். ஜெனிற்றா கரையில் நின்றாள். கையில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. வோக்கியில் சொல்ல வேண்டிய வசனங்களைத் தமிழ் எழுத்தில் அதில் எழுதியிருந்தாள். முதல் வசனத்தைக் கத்தினாள். தூரத்தில் பிரதீபன் கையை ஆட்டினான்.

"ஒண்டும் கேக்கேல்ல! நீ காத்துக்கு எதிராய்க் கத்துறாய்! காத்து விழட்டும், பிறகு சொல்லு!"

அவள் பொறுத்துநின்று சொன்னாள்.

"முதல் ரெண்டு சொல்லும் வந்தது! மூண்டாவது கடலுக்குள்ள விழுந்திட்டுது!"

அவனுக்கு அர்த்தம் தெரியாது. அதனாலேயே அவன் நல்ல பரீட்சகனாக இருந்தான். விளங்கியதாகப் பாசாங்கு செய்ய அவனிடம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் பார்த்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடம் விடச் சொன்னான். கடைசி எழுத்தை விழுங்காமல் இழுத்துவிடச் சொன்னான். நீளமான வசனங்களைக் கொப்பியிலிருந்தே வெட்டச் சொன்னான். "கடலில ஒருத்தனும் கதை சொல்லமாட்டான். 'வலை பட்டிட்டுது, வா'. அவ்வளவுதான்!"

நண்டு வாங்க வந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். ஜெனிற்றாவுக்குக் காது சூடேறியது. கொப்பியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் வள்ளத்தில் நின்றவன் "நிப்பாட்டாதை, இப்பதான் வடிவாய் வருது!" என்று கத்தினான். மறுபடியும் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நண்டுக்காரர்கள் போய்விட்டார்கள். சிரிப்புக்கு அவ்வளவுதான் ஆயுள் என்பதை முப்பத்தொரு வயதில் முதல் தடவையாகக் கண்டாள்.

பேசுவது இப்படிப் பழகிற்று. கேட்பதற்கு வேறு வழி பார்த்தாள். காலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் பிக்கப்பில், முன்சீட்டில் இருக்கவிடும்படி சாரதியைக் கேட்டாள். அங்கே வாகனத்தின் வோக்கி எந்நேரமும் திறந்திருக்கும். ஏழு குழுக்களும் பேஸும் பேசுவதெல்லாம் கேட்கும். இரண்டு கிழமை கேட்டுக்கொண்டே போனாள். அப்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. அந்தக் குரல் ஆயிரம் வசனம் பேசவில்லை. நாற்பது, ஐம்பது வசனங்களைத்தான் திரும்பத் திரும்பப் பேசியது. வேலை தொடங்கியாயிற்றா, எத்தனை பேர், மழை இருக்கிறதா, வேலையை நிறுத்துங்கள், வாகனம் வருகிறது. இடமும் நேரமும்தான் மாறின. கேட்டதைக் கேட்டபடி கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, தெரியாததை டிலானியிடம் கேட்டாள். டிலானிக்கும் தெரியாததை விசுவலிங்கத்திடமே போய்க் கேட்டாள். முதல் நாள் கேட்கப் போகும்போது கால் கூசியது. நாலாம் நாள் கூசவில்லை.

சோதனை நாள் வந்தது. டிலானி வோக்கியைக் கையில் கொடுத்தாள். பேஸ் கூப்பிட்டது. முதல் மூன்று கேள்விகளுக்கும் ஜெனிற்றா நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். நாலாவது கேள்வி மழைபோலக் கொட்டிவிட்டுப் போனது. அதில் பாதிதான் பிடிபட்டது. பொத்தானில் இருந்த விரல் பழக்கத்தில் அமத்தியது. வாயில் 'ரொஜர்' வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"பேஸ், சே அகெய்ன். ஸ்லோலி. ஓவர்."

திரும்பச் சொல்லுங்கள், மெதுவாக.

வோக்கி அப்படியே அடங்கிப்போனது. ஏழு குழுக்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். அந்த நிசப்தம் நாலைந்து நொடிதான் இருந்திருக்கும். ஆனால் பொதுக்குழாயடியும் பள்ளிக்கூட வகுப்பும் ஒன்றாகச் சேர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

குரல் வந்தது. இந்தமுறை ஒவ்வொரு சொல்லாக வந்தது. அவளுக்கு விளங்கியது. பதில் சொன்னாள். "தாங்க் யூ, சியரா ஃபோர்" என்றது குரல். அதுவரை யாருக்கும் அது நன்றி சொன்னதில்லை.

அன்று மத்தியானம் பக்கத்துக் குழுவின் லீடர் மேரி ரோஸ் சாப்பாட்டுப் பார்சலோடு ஜெனிற்றாவைத் தேடி வந்தாள். இருவருக்கும் பெரிய பழக்கமில்லை. மரத்தடியில் பக்கத்தில் குந்திக்கொண்டு, குரலைத் தணித்து, "ஜெனிற்றா, நீங்கள் அப்பிடிக் கேட்டது எனக்கு எவ்வளவு உதவி தெரியுமோ?" என்றாள்.

"ஏன்?"

"நானும் விளங்காமத்தான் ஒரு வருசமாய் ரொஜர் சொல்லிக்கொண்டு இருக்கிறன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மேரி ரோஸின் வாயிலிருந்து சோறு தெறிக்கும் அளவுக்குச் சிரித்தார்கள். அடுத்த வாரத்துக்குள் ஏழு குழுக்களில் நாலு குழுக்கள் "சே அகெய்ன்" கேட்கத் தொடங்கின. பேஸின் வேகமும் தானாகக் குறைந்தது.

மார்கழி மாதம் மழை விடாமல் பிடித்தது. பன்னிரண்டாம் திகதி காலை மழை கொஞ்சம் ஓய்ந்ததென்று வேலை தொடங்கினார்கள். பத்து மணிக்கு இடைவேளை. அன்ரோனெற் நனைந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்போடு, மரவேரில் சாத்தியிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனாள். போனவள் "அம்மா!" என்று கத்தினாள்.

ஜெனிற்றா ஓடிப்போனாள். அன்ரோனெற்றின் கணுக்காலுக்கு மேலே இரண்டு பொட்டு இரத்தம். தடித்த கபிலநிற உடம்பில் சங்கிலி மாதிரி வளையம் வளையமாகப் புள்ளி போட்ட பாம்பு ஒன்று, அவசரமே இல்லாமல் புல்லுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. புடையன். ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த கொடிய விரியன் பாம்பு.

டிலானி அன்ரோனெற்றை அசையவிடாமல் படுக்கவைத்து, காலோடு தடி வைத்துக் கட்டினாள். அம்புலன்ஸ் வான் இருபது அடி தள்ளி நின்றது. ஜெனிற்றா வோக்கியை எடுத்தாள்.

"பேஸ், பேஸ், திஸ் இஸ் சியரா ஃபோர். கஷுவல்ற்றி. வன் பேர்சன். ஓவர்."

"சியரா ஃபோர், மைன் எக்ஸிடென்ற்? ஓவர்." குரல் உடனே இறுகியது.

"நெகட்டிவ்! நோ மைன். ஸ்நேக். ஸ்நேக் பைற். லெஃப்ற் லெக். ஓவர்."

எத்தனை மணிக்கு என்று கேட்டது. அவள் "ரென் ஃபிஃப்ரீன்" என்று சொல்ல வாயெடுத்து, அது ஐம்பது மாதிரிக் கேட்டுவிடும் என்று நினைத்து, "வன், சீரோ. வன், ஃபைவ்" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். பிறகு குரல் ஏதோ வேகமாகச் சொன்னது. வழி பற்றியது என்று மட்டும் தெரிந்தது. வான் சாரதி என்ஜினை முடுக்கிவிட்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வழமையாக அவர்கள் மன்னாருக்கு உயிலங்குளப் பக்கத்தால்தான் போவார்கள்.

"சே அகெய்ன். ஸ்லோலி. ஓவர்."

"டூ நொற் கோ. உயிலங்குளம் றோட். வோட்டர். றோட் க்ளோஸ்ட். கோ. திருக்கேதீஸ்வரம் றோட். ஓவர்."

அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திவிட்டு, சாரதியிடம் திரும்பினாள். "உயிலங்குளத்தால போகாதைங்கோ, வெள்ளம் மூடிட்டுதாம். திருக்கேதீஸ்வரப் பக்கத்தால போங்கோ!" வான் புறப்பட்டது. டிலானி பின்னால் அன்ரோனெற்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

குரல் விடவில்லை. "சியரா ஃபோர், வட் ஸ்நேக்? ஹொஸ்பிற்றல் ஆஸ்கிங். ஓவர்."

என்ன பாம்பு?

ஜெனிற்றாவுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இங்கிலீசில் அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியாது. நாற்பது பக்கக் கொப்பி முழுவதிலும் அந்தச் சொல் இல்லை. "பிக். ப்ரவுன். செயின், செயின்... ஒன் பாக்" என்று முதுகில் இருந்த சங்கிலியைச் சொல்லப் பார்த்தாள். குரல் திரும்பவும் கேட்டது. அவள் திரும்பவும் அதையே சொன்னாள். எதிர்ப்பக்கம் தயங்கியது. வான் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் டாக்டர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். சட்டமாவது மண்ணாவது என்று ஜெனிற்றா பொத்தானை அமத்தினாள்.

"புடையன்! பேஸ், அது புடையன் பாம்பு! ஆராவது தமிழ் தெரிஞ்ச ஆளிட்டக் கேளுங்கோ. புடையன்! ஓவர்!"

ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வெளங்கிட்டு தங்கச்சி, புடையன். இப்பவே ஆஸ்பத்திரிக்குச் சொல்றன். பயப்படாதீங்க."

ஜெனிற்றா வோக்கியைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களும் பார்த்தார்கள். கொழும்புக் குரல் என்று பத்து மாதமாக அவர்கள் பயந்த குரல், மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்த் தமிழில் பேசியிருந்தது. அடுத்த கணமே அது பழையபடி மாறி, "சியரா ஃபோர், மெசேஜ் றிசீவ்ட். ஸ்ராண்ட் பை. ஓவர்" என்றது.

அன்று பிறகு ஒருவரும் லேனுக்குள் போகவில்லை. மண்மூட்டைக்குப் பக்கத்தில் தறப்பாளின் கீழே குந்திக்கொண்டு வோக்கியைச் சுற்றியிருந்தார்கள். சிலர் செபமாலை சொன்னார்கள். பதினொன்றரைக்கு வான் ஆஸ்பத்திரியை அடைந்த செய்தி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மழை திரும்பவும் தொடங்கியது. இரண்டு மணி. மூன்று மணி. ஜெனிற்றா, தான் சொன்னதில் ஏதாவது பிழையிருந்ததா என்று ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

மூன்றே முக்காலுக்குக் குரல் வந்தது. அது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசியது.

"ஓல் சியரா, ஓல் சியரா, திஸ் இஸ் பேஸ். மருந்து கிவன். கஷுவல்ற்றி இஸ் ஓக்கே. ஐ சே அகெய்ன். ஷீ இஸ் ஓக்கே. ஓவர்."

நடுவில் ஒரு தமிழ்ச் சொல் விழுந்துவிட்டதை அந்தக் குரலும் கவனிக்கவில்லை, கேட்டவர்களும் கவனிக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குளறினார்கள். ஜெனிற்றா ஈரமண்ணிலேயே இருந்துவிட்டாள். பிறகுதான் பதில் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. பொத்தானை அமத்தினாள். எல்லா வசனமும் மறந்துபோயிருந்தது.

"தாங்க் யூ" என்றாள். "தாங்க் யூ, தாங்க் யூ, ஓவர்."

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, மன்னார் ஆஸ்பத்திரிக்கு அன்ரோனெற்றைப் பார்க்கப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மெலிந்த, குள்ளமான ஒரு மனிதர் தோடம்பழப் பையோடு நின்றிருந்தார். தொப்பி அணிந்திருந்தார். அவளுடைய வயதுதான் இருக்கும். ஜெனிற்றா அன்ரோனெற்றிடம் "எப்பிடியடி இருக்கு?" என்று கேட்டதும் அந்த மனிதர் சட்டென்று திரும்பினார்.

"சியரா ஃபோர்!" என்றார்.

"பேஸ்!" என்றாள் ஜெனிற்றா.

வார்டில் இருந்தவர்கள் இருவரையும் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

அவருடைய பெயர் சனூன். எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, அவரும் பத்து வயதில் வாப்பா, உம்மாவோடு புத்தளம் போனவர். அங்கே ஓலைக் கொட்டில் முகாமில் வளர்ந்தவர். போன வருடம்தான் ஊர் திரும்பியிருந்தார்.

"அப்ப நீங்கள் கொழும்பில படிக்கேல்லையோ?"

"கொழும்போ? நான் ஓ லெவலோட படிப்பை நிப்பாட்டினவன்" என்று சிரித்தார் சனூன். "முகாமில எங்களிட்ட ஒரே ஒரு ரேடியோதான் இருந்திச்சு. அதில நாள் முழுக்க கிரிக்கெட் வர்ணனை போகும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்திச்சு. அவங்க ஓடி ஓடிப் பேசுவாங்க. அப்பிடித்தான் பேசணும்னு நானும் நினைச்சிட்டன்."

ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து மாதமாக அவளை வதைத்தது கிரிக்கெட் வர்ணனை.

"நீங்க எல்லாரும் ரொஜர் ரொஜர்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க" என்றார் சனூன். "என்ட இங்கிலீஷ் எல்லாருக்கும் நல்லா வெளங்குதுனு நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமா? அண்டைக்கு நீங்க மெதுவாச் சொல்லுங்கனு கேட்டப்ப எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கிப்போச்சு. நான் பேசுறது பிழைனு கண்டுபிடிச்சிட்டாங்க, வேலை போகப்போகுதுனு நினைச்சன்."

"நீங்களும் பயந்தனீங்களோ?"

"பின்ன? ராவெல்லாம் நித்திரை இல்லை."

கட்டிலில் இருந்த அன்ரோனெற்றுக்கு இந்தக் கதையில் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை. கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் டாக்டர் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். "உங்கட இங்கிலீசை வெளியில போய்க் கதையுங்கோ. எனக்குப் பசிக்குது" என்றாள். "இந்தக் கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு வாய் செத்துப்போச்சு. ஆராவது ரெண்டு றோல்ஸ் வாங்கித் தாங்கோவன்." நேர்ஸிடம் கேட்டு, ஒன்று மட்டும் கொடுக்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு சனூன் கடைக்குப் போனார்.

சட்டத்தை மீறி வோக்கியில் தமிழ் பேசியதற்கு இருவரையும் அடுத்த கிழமை விசாரித்தார்கள். விசாரணை பத்து நிமிசத்தில் முடிந்தது. அந்தப் பக்கத்துப் பாம்புகளின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும் அச்சடித்து, ஒவ்வொரு வாகனத்திலும் ஒட்டும்படி விசுவலிங்கம் எழுதிக் கொடுத்தார். அன்ரோனெற் தை மாதக் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். ஜெனிற்றா மேலும் நாலு வருடம் லீடராக இருந்து, பிறகு புதிதாக வரும் லீடர்களுக்கு வோக்கிப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்குப் போனாள். இன்றும் அவளுடைய இங்கிலீசில் பிழைகள் உண்டு. அவற்றைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பாலத்தின் இருபக்கமும் கடல் கலங்கிப்போய்க் கிடந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருக்கேதீஸ்வரச் சந்தி தாண்டுமுன்பே நித்திரையாகிவிட்டாள். விடத்தல்தீவில் கொண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறங்கினாள்.

பிரதீபன் படலையில் நின்றான். "என்ன மாதிரி? பிள்ளை சுகமோ? ஆரைக் கண்டனி? என்ன கதைச்சனீங்கள்?" என்று ஒரேயடியாகக் கேட்டான்.

"எல்லாரும் சுகம்" என்றாள் ஜெனிற்றா. "நிறையக் கதை இருக்கு. ஆனால் இண்டைக்கு என்னால ஒரு சொல்லுக் கதைக்க ஏலாது. முதல்ல சோறு போடுங்கோ."

அவன் போட்டான். அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.